பேசக் கூடாத ஒரு மணி நேரம்

மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை. நான் வருஷக்கணக்காக அப்படித்தான் சாப்பிடுகிறேன். இரண்டு துண்டு ரொட்டி, பக்கத்தில் அன்றைய கோப்பு, கால் மணியில் வேலை முடிந்துவிடும். ஆனால் சாட்சிகளிடம் இதைச் சொன்னால் முகம் விழுந்துபோகும்.

இன்ஸ்பெக்டர் நூர்லைலா, நீங்கள் கொலைக் கேஸ்களிலேயே ஊறியவர். எங்கள் மன்றத்தின் வழக்கங்கள் உங்களுக்குப் பழக்கமிருக்காது. இரண்டு நாட்டுக் கம்பெனிகள் முட்டிக்கொண்டால், இவன் நாட்டுக் கோர்ட்டை அவன் நம்ப மாட்டான், அவன் நாட்டுக் கோர்ட்டை இவன் நம்ப மாட்டான். இரண்டு பேரும் சிங்கப்பூர் வந்து, மூன்று நடுவர்களை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். அங்கே ஒரு விதி உண்டு. சாட்சி சத்தியம் செய்து, எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்துவிட்டால், அது முடியும்வரை அவருடைய சொந்த வக்கீல்கூட அவரிடம் பேசக் கூடாது. நடுவில் சாப்பாட்டு நேரம் வந்தால் அவரைத் தனி அறையில் விட்டுவிடுவோம். சாப்பாடு உள்ளே போகும், மனிதர்கள் போக மாட்டார்கள்.

இந்த விதியில் நான் கறார்ப் பேர்வழி. ஒருமுறை என் ஜூனியர் பெண் ஒருத்தி, லிஃப்டில் எதிர்ப்பட்ட எங்கள் சாட்சியிடம் நன்றாகச் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டாள். அன்று பிற்பகலே நானே எழுந்து அதை மன்றத்தில் சொன்னேன். அவளுக்கு வேலை போயிற்று. அழுதாள். குவெக் பூன் ஹுவா என்றால் விதி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது சும்மா வந்த பேர் இல்லை.

சார்ஜென்ட் எழுதட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முப்பத்துமூன்று வருஷமாக மற்றவர்கள் வாக்குமூலங்களை எழுதியே பிழைத்தவன் நான். சாட்சி சொல்வார், நாங்கள் ஒழுங்குபடுத்தி எழுதுவோம், அவர் கையெழுத்துப் போடுவார். 'நான் பார்த்தேன்', 'நான் சொன்னேன்' என்று இஞ்சினியருக்காகவும் கப்பல் கேப்டனுக்காகவும் எத்தனையோ எழுதியாயிற்று. எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவில், கிழக்குக் கலிமந்தான் கடற்கரையில் என் கட்சிக்காரர் ஒரு மின் நிலையம் கட்டினார். சோதனை ஓட்டத்தின்போது கொதிகலனின் நீராவிக் குழாய் வெடித்தது. ஒன்பது பேர் செத்தார்கள். அது யார் குற்றம் என்பதுதான் வழக்கு. நீராவியில் சாகிறவன் தீயில் சாகிறவனைப்போல் கருகுவதில்லை. தோல் அப்படியே கையுறையைப்போலக் கழன்று வந்துவிடும். படங்களெல்லாம் எங்கள் ஆவணங்களின் எட்டாம் தொகுதியில் இருக்கின்றன. இப்போதைய என் ஜூனியர் ஹுவெய் மின் அவற்றை முதல் தடவை பார்த்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று நான் சரிபார்த்தேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் டோகர். அவர் மட்டும் ஓடவில்லை. வால்வின் சக்கரத்தைப் பிடித்தபடியே வெந்து போயிருந்தார். விரல்களைச் சக்கரத்திலிருந்து பிரிக்க முடியாமல், மணிக்கட்டோடு வெட்டித்தான் உடலை எடுத்தார்கள். அந்தக் கை தனியாகச் சக்கரத்தில் இருக்கும் படம் 3,127ஆம் பக்கம்.

அன்றைய ஷிப்டுக்குப் பொறுப்பாளர் மரோலோப் சிஹிதே. சுமத்ராவின் பத்தாக் இனத்தவர், கனத்த உடம்பு, மெல்லிய குரல். டோகர் அவருடைய மனைவியின் அண்ணன். பக்கத்து நகரமான பாலிக்பாப்பானில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து அவர் எனக்கு நடந்ததையெல்லாம் சொன்னார். இரண்டு நாளாக அழுத்தம் எல்லை மீறி ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தட்டுமா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டார். கூடாது என்று உத்தரவு வந்தது. அவரும் அதை ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். டோகர்தான் கேட்காமல், நான் மூடறேன் என்று ஓடினாராம். சொல்லி முடித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

உத்தரவு கொடுத்த தலைமை அலுவலகம்தான் என் கட்சிக்காரர். ஆகவே அந்தக் கதை எனக்கு உதவாது. ஆனால் கை வால்வில் இருந்தது, அதை யாராலும் மறுக்க முடியாது. மூடப் போன கையா திறக்கப் போன கையா என்று ஒரு படம் சொல்லிவிடுமா? நான் இருபத்துமூன்றாம் பத்தியை எழுதினேன். 'டோகர் என் உத்தரவை மீறி அந்த வால்வைத் திறந்தார்.' ஒரே வரிதான்.

"பாக் குவெக், இப்படி நடக்கலையே," என்றார் மரோலோப். எப்போதும் பாக், ஐயா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

நான் மிரட்டவில்லை. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், நான் யாரையும் மிரட்டியதில்லை. அன்றைய ஷிப்டுக்குப் பொறுப்பாளர் யார், டோகர் தப்புச் செய்யவில்லையென்றால் அந்த ஒன்பது சாவும் யார் தலையில் விழும் என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு முந்தின வாரம் சிங்கப்பூர் வந்தபோது எனக்கு ஒரு பாட்டில் மிளகாய்ச் சம்பல் கொண்டுவந்தார். ஆண்டாலிமான் போட்டு அவர் மனைவி தியுர்மா அரைத்தது. அது ஒரு மலை மிளகு, நாக்கை மரத்துப்போக வைக்கும், எலுமிச்சைபோல மணக்கும். தனக்கென்று இன்னொரு பாட்டில் வைத்திருந்தார். சிங்கப்பூர்ச் சாப்பாடு சப்பென்று இருக்கிறதாம். நான் அவருக்கு விதியை எடுத்துச் சொன்னேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாரும் வந்து பேச மாட்டார்கள், பயப்படக் கூடாது என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கு அதெல்லாம் பழக்கம்தான் பாக். அந்தப் பேப்பரை அவ படிச்சதுலேர்ந்து வீட்டுல எனக்குச் சோறு மட்டும்தான் வருது. எதிர்ல யாரும் உக்கார்றதில்ல."

அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

விசாரணையின் நான்காம் நாள், வியாழக்கிழமை. எதிர்த்தரப்பு வக்கீல் ஹேலி, ஆஸ்திரேலியாக்காரி. குரலை உயர்த்தாமலேயே ஆளைக் கிழித்துப்போடுகிறவள். காலை முழுக்க மரோலோப்பை உருட்டிப் புரட்டினாள், மனிதர் அசையவில்லை. நான் எழுதிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் 3,127ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள்.

அவருக்கு நான் கொடுத்த பிரதியில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருந்தேன். சாட்சியின் மனசு கலங்கக் கூடாது என்றுதான். ஆனால் சாட்சி மேஜையில் இருப்பது முழுத் தொகுதி.

"இந்தக் கையை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். சக்கரத்தின்மேல் விரலை வைத்து, அது எந்தப் பக்கம் திரும்பும் என்று படத்தின்மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என் மச்சான் கை," என்றார். பிறகு நடுவர்களைப் பார்த்து, "ஐயா, இருபத்துமூணாவது பத்தியைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்," என்றார்.

ஹேலி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். தலைமை நடுவர் ஒரு சுவிஸ் பேராசிரியர், அவருக்கு எல்லாம் கடிகாரப்படி நடக்க வேண்டும். மணியைப் பார்த்தார். களைத்துப்போயிருக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகச் சொல்லுங்கள் என்றார் அன்பாக. நானும் தலையசைத்தேன். அவர் மட்டும் இன்னும் ஐந்து நிமிஷம் இருந்து கேட்டிருந்தால், மரோலோப் இன்றைக்கு உயிரோடு இருப்பார். நடந்ததில் பேராசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் தாழ்மையான எண்ணம்.

எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஹுவெய் மின்னைத் தெருக்கோடிக் கடையில் காப்பி வாங்கி வரும்படி அனுப்பினேன். கீழேயே காப்பி இருக்கிறதே என்றாள். அது எனக்குப் பிடிக்காது என்றேன். கோட்டைக் கழற்றினேன், கடிகாரத்தைக் கழற்றினேன், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டேன். குளிர்சாதனம் வழக்கம்போல் கடுமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எனக்குப் புழுக்கமாக இருந்தது. மரோலோப் இருந்த அறைக்கு எட்டாம் தொகுதியை எடுக்கத்தான் போனேன். அதன் இன்னொரு பிரதி என் மேஜையிலேயே கிடந்தது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். உண்மைதான். நடைவழியில் கேமரா கிடையாது. ரகசியத்துக்காகத்தான் ஆட்கள் எங்களிடம் வருகிறார்கள்.

அவர் நாசி படாங் குழம்புச் சோற்று இலைப் பொட்டலத்தைப் பிரித்து, கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சம்பல் பாட்டில், அப்போதுதான் திறந்தது. என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

"பாக், பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன். அலமாரிமேல் பஞ்சிங் மெஷின் இருந்தது. ஒரே அமுக்கில் நூறு தாளைத் துளைக்கிற பெரிய வகை, முழுக்க இரும்பு. அதை எடுத்தேன்.

அவர் அதைக் கவனிக்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கோவிச்சுக்காதீங்க. என்னை ஜெயில்ல போட்டாலும் சரி. செத்தவன் வாயில்லாதவன். அவன் மூடத்தான் போனான், அதைச் சொல்லிட்டுப் போயிடறேன். அப்புறமாவது அவ என் எதிர்ல உக்காந்து சாப்பிடுவா."

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

முதல் அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. பெரிய உடம்பு, சாயவில்லை. சாப்பிட்ட கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. இரண்டாவது அடியில் அந்த விரல்கள் முறிந்தன. சத்தம் அதிகம் வரவில்லை, அந்த அறைகளைச் சத்தம் வெளியே போகாதபடிதான் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில் மேஜைமேல் கவிழ்ந்தார், பாட்டில் விழுந்து உடைந்து சம்பல் என் கையில் தெறித்தது. அதற்குமேல் அவர் என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் பாதியில் விட்ட வேலை எனக்குப் பிடிக்காது. மண்டையோடு உள்வாங்கி, நெஞ்சு ஏறி இறங்குவது நின்ற பிறகுதான் மெஷினைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். மொத்தம் ஏழு அடி என்று நினைவு. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஒன்பது என்கிறார். அவர் எண்ணியதையே ஏற்றுக்கொள்கிறேன்.

நீண்ட விசாரணைகளுக்கு நான் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருப்பேன். கறையான சட்டையை, கட்சிக்காரரின் ரகசிய ஆவணங்கள் இருந்த பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அன்று மாலை உங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைத் திறக்க வந்தபோது, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான காகிதத்தைப் போலீஸ் தொடக் கூடாது என்று சட்டம் சொல்லி நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். அது பிறகு நடந்தது. அந்த மத்தியானம் கோட்டை மாட்டிக்கொண்டு ரொட்டியைத் தின்று முடித்தபோது, காப்பியோடு ஹுவெய் மின் வந்து சேர்ந்தாள்.

"மிஸ்டர் குவெக், இங்க ஏதோ எலுமிச்சை வாசனை வருதே," என்றாள். சோப்பு என்றேன்.

இரண்டு மணிக்குச் சாட்சியைக் கூப்பிடப் போன உதவியாளர் பெண்ணின் அலறல் கேட்டது. மற்றது உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் எல்லாரையும் துருவினீர்கள், என்னிடம் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. குவெக் அந்த வாசற்படியையே மிதிக்க மாட்டார் என்று ஹேலிகூடச் சொன்னாளாம். நான்காம் நாள்தான் ஹுவெய் மின் அந்த வாசனையைப் பற்றி உங்களிடம் சொன்னாள். எனக்குக் கொடுத்த பாட்டில் என் அலமாரியில் மூடி திறக்காமலே இருந்தது, ஆகவே அந்த வாசனை அவர் அறையில் உடைந்த பாட்டிலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நீங்கள் நீதிபதியின் உத்தரவோடு வந்து பெட்டியைத் திறந்தீர்கள். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை காலையே மன்றத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். சாட்சி இறந்துவிட்டார், தம் வாக்குமூலத்தில் எதையும் அவர் திருத்தவில்லை, ஆகவே இருபத்துமூன்றாம் பத்தி உட்பட அதை அப்படியே ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சட்டப்படி வலுவான வாதம் அது. சனிக்கிழமை உடலை வாங்க தியுர்மா வந்தாள். பிணவறை வாசலில் என் எதிரே வந்து நின்றுகொண்டாள்.

"அவர் சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பதிவில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவள் தலைத்துண்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டு, சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மரோலோப் சிஹிதேயை நான்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை, புத்தியும் கலங்கவில்லை. இதில் எனக்கு மறுப்பே இல்லை. இந்த வாக்குமூலம் உண்மை என்று கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஹுவெய் மின் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரி இருக்கிறது. சாட்சியோடு பேசக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவரே அந்த விதியை மீறினார் என்று சொல்லியிருக்கிறாள். எட்டு வருஷம் என்னிடம் வேலை பார்த்த பெண் அப்படிச் சொன்னது மனசை அறுக்கிறது. அன்று இரண்டு மணிக்கு, உடலைப் பார்த்துவிட்டு வந்த பேராசிரியர், இடைவேளையில் சாட்சியோடு யாராவது பேசினீர்களா என்று எங்களைக் கேட்டார். நான் எழுந்து நின்று, இல்லை ஐயா என்றேன். அது மன்றத்தின் பதிவில் இருக்கிறது, அதில் பொய் இல்லை. தயவுசெய்து அவளுடைய அந்த வரியைத் திருத்திவிடுங்கள். அவர்தான் பேசினார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.