ஹாகன் டாக்டரின் ‘பரவாயில்லை’

— வான்கோழி, மேடம். பன்னி இல்ல.

— என்னது?

— எனக்காக நீங்க எழுதின சிபாரிசுக் கடிதத்துல ரெண்டாவது பத்தி. “மாரிட் டோலெஃப்சன் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர்”னு போட்டிருக்கு. எங்கப்பா வளர்க்கிறது வான்கோழி. தகவல் பிழை இருந்தா இன்னிக்குள்ள டீன் ஆபீஸ்ல வந்து சொல்லணும்னு அறிவிப்பு ஒட்டியிருந்தீங்க, அதான் வந்தேன். பெரிய விஷயம் இல்ல. பன்னின்னே இருந்தாலும் இருக்கட்டும்.

— திருத்திடறேன். வேற?

— வேற ஒண்ணும் இல்ல மேடம். கிளம்பறேன்.

— உக்காரு தாயே. கேக் இருக்கு, எடுத்துக்கோ.

— இல்ல, வேண்டாம் மேடம்.

— எடுத்துக்கோன்னு சொன்னேன்.

— இருக்கட்டும், உங்களுக்குக் குறைஞ்சிடும்.

— மூணாவது தடவையா சொல்றேன். எடுத்துக்கோ.

— சரி, ஒரு ஓரமா கொஞ்சம்.

— அப்பாடா. நான் மினசோட்டாவுக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு. இந்த ஊர்ல யாருக்காவது எதையாவது குடுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுது. கேளு, கடிதத்தை முழுக்கப் படிச்சியா?

— ரெண்டு தடவை படிச்சேன்.

— கடைசி வரி என்ன?

— “மாரிட் ஒரு நல்ல மாணவி.”

— அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?

— தெரியும் மேடம். எங்க வகுப்புல எல்லாருக்கும் தெரியும். மொத்தம் நாலு வார்த்தை. அபாரமான மாணவின்னா முதல் வரிசை. மிகச் சிறந்த மாணவின்னா ரெண்டாவது. சிறந்த மாணவின்னா மூணாவது. நல்ல மாணவின்னா…

— ம், சொல்லு.

— இவளை உங்க வாசப்படி ஏத்தாதீங்கன்னு அர்த்தம்.

— தெரிஞ்சும் வான்கோழிக்காகவா வந்து நிக்கிற? நாளைக்குக் காலையில இந்தக் கடிதம் நீ மேற்படிப்புக்கு மனு போட்ட எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகுது. அவங்க முதல்ல பாக்கறதே கடைசி வரியைத்தான். உனக்கு அறுவை சிகிச்சைதானே படிக்கணும்?

— ஆமா மேடம். வேற எதுலயும் மனசு போகல.

— “நல்ல மாணவி”ன்னு போனா எவனும் உன்னை நேர்காணலுக்குக்கூட கூப்பிட மாட்டான். நாலு வருஷ டாக்டர் படிப்பும் வீண். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

— தகவல் பிழையை மட்டும்தான் திருத்தச் சொல்லலாம், கருத்தை மாத்தச் சொல்ல உரிமை இல்லன்னு அறிவிப்புலயே இருந்துச்சு மேடம். அதுவும் இல்லாம, உங்களுக்கு நூத்தி அறுபது கடிதம் எழுதற வேலை இருக்கு.

— கடவுளே. சரி, நானே சொல்றேன். எனக்கும் இது உறுத்திக்கிட்டேதான் இருக்கு. குழந்தைகள் பிரிவு, மனநலம், பிரசவ வார்டு எல்லாரும் உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. ஆனா நீ கேக்கறது அறுவை சிகிச்சை. அந்தத் துறைத் தலைவர் எழுதினதை வச்சுத்தான் நான் கடைசி வரி போட முடியும். டாக்டர் ஹாகன் உன்னைப் பத்தி எழுதியிருக்கறது மொத்தம் ஒரே ஒரு வார்த்தை. இந்தா, அவர் கையெழுத்து.

— “பரவாயில்லை.”

— பாத்தியா? ரெண்டு மாசம் அவர்கிட்ட வேலை பாத்திருக்க, ஒரு… ஏம்மா, உனக்கு ஏன் முகமெல்லாம் சிவக்குது?

— ஒண்ணுமில்ல மேடம். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

— அழறியா?

— இல்ல. சந்தோஷமா இருக்கு. ஹாகன் டாக்டரா பரவாயில்லைன்னு எழுதினாரு?

— இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு? நான் நியூ ஜெர்சிக்காரி. எங்க ஊர்ல ஒருத்தன் சாப்பாடு பரவாயில்லைன்னு சொன்னா, சமைச்சவ தட்டைப் பிடுங்கிடுவா.

— மேடம், எங்கப்பாவும் அம்மாவும் கல்யாணம் பண்ணி முப்பத்தொரு வருஷம் ஆச்சு. அப்பா ஒரே ஒரு தடவை அம்மா சமையலைப் பரவாயில்லைன்னு சொன்னாரு. அம்மா அன்னிக்கே அத்தைங்க நாலு பேருக்கும் போன் போட்டுச் சொன்னாங்க.

— விளையாடறியா?

— நிஜமா மேடம். ஹாகன் டாக்டரும் எங்க பக்கம்தான். எங்க பக்கத்துல அதுக்கு மேல வார்த்தை கிடையாது. அதுக்கு மேல புகழ்ந்தா, எதிர்ல இருக்கறவரை அவமானப்படுத்தற மாதிரி.

— அப்போ நான் உனக்குத் தப்பா போட்டுட்டேனா? இரு, அவர்கிட்டயே கேட்டுடறேன்.

— ஐயோ வேண்டாம் மேடம், ஆபரேஷன்ல இருப்பாரு. சிரமம் எதுக்கு?

— நீ பேசாம கேக்கைச் சாப்பிடு. ஹலோ, ஹாகன் சாரா? டீன் ஃபெரான்ட்டே பேசறேன். போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பக்கத்துல மாரிட் இருக்கா.

— ம். மழை வரும்போல இருக்கு, டீனம்மா.

— வரட்டும் சார். மாரிட்டைப் பத்திப் பரவாயில்லைன்னு எழுதியிருக்கீங்க.

— எழுதினேன். கொஞ்சம் அதிகமாப் போச்சோ?

— அதான் எனக்குப் புரியல. அது உங்க ஊர்ப் பரவாயில்லையா, எங்க ஊர்ப் பரவாயில்லையா?

— எனக்கு ஒரு ஊர்தான் தெரியும்.

— அவ தையல் போடறது எப்படி?

— போட்டாளா இல்லையான்னு குனிஞ்சு தேட வேண்டியதாப் போச்சு.

— அது நல்லதா, கெட்டதா?

— அது வந்து… நோயாளி ஒண்ணும் புகார் சொல்லல.

— சார், நேராவே கேக்கறேன். உங்க வயித்தையே கிழிக்க வேண்டி வந்தா இந்தப் பொண்ணு கையில கத்தியைக் குடுப்பீங்களா?

— நான் மயக்கத்துல கிடப்பேன். யாருன்னு எனக்கென்ன தெரியப் போகுது?

— முழிச்சிக்கிட்டு இருந்தா?

— முழிச்சிக்கிட்டு இருந்தா அவளைத்தான் கூப்பிடுவேன்.

— போதும் சார், இது போதும். மாரிட், கேட்டியா? கடைசி வரியை இப்பவே மாத்தறேன். “அபாரமான மாணவி.” நாளைக்குக் காலையில போயிடும்.

— டீனம்மா.

— சொல்லுங்க சார்.

— அப்படிப் போடாதீங்க.

— ஏன்? உங்க ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க சார். நீங்க எழுதினதை நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன், இப்போ சரி பண்றேன்.

— நீங்க தப்பாப் புரிஞ்சிக்கல. இருபத்தாறு வருஷமா இந்த மதிப்பீடு எழுதறேன். எந்த வார்த்தைக்கு டீன் ஆபீஸ்ல எந்த வரி போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சேவா எழுதினீங்க?

— ம்.

— இந்தப் பொண்ணை எவனும் எடுக்கக் கூடாதுன்னா?

— அது வந்து… நான் அபாரம்னு எழுதின பிள்ளைங்க எல்லாம் பாஸ்டன், சிகாகோன்னு போயிடுச்சுங்க. ஒண்ணுகூடத் திரும்பி வரல. எங்க ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு மூணு இடம். போன வருஷம் வந்து சேந்தவன் ரத்தத்தைப் பாத்தா உக்காந்துடறான். இந்தப் பொண்ணையும் எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவானேன்னு இருந்துச்சு. நல்ல மாணவின்னு போனா எல்லாரும் ஒதுக்கிடுவாங்க. அப்புறம் நாங்க எடுத்துக்கலாம்னு நெனச்சேன்.

— இது அக்கிரமம் சார். வளந்த மனுஷன் செய்யற காரியமா இது? ஒரு பொண்ணோட வாழ்க்கை.

— தெரியும். ரெண்டு வாரமா எனக்குச் சாப்பாடே இறங்கல.

— இங்கயே இரும்மா, உன்னை எனக்கு வேணும்னு அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுதே?

— அதை எப்படி டீனம்மா மூஞ்சிக்கு நேரா கேக்கறது? சங்கடமா இருக்காது?

— சங்கடமாம். ரெண்டு மாசம் தோளோட தோள் நின்னு ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க, அதுல வராத சங்கடம் இதுல வந்துடுச்சாம். சொல்லிட்டேன், கடிதம் “அபாரம்”னுதான் போகும். அவ பாஸ்டன் போறதா இருந்தா போவா, உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க. மாரிட், திட்டணும்னா நீயும் ரெண்டு திட்டு. நான் காதைப் பொத்திக்கறேன்.

— மேடம், நான் டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லலாமா?

— தாராளமா சொல்லு.

— டாக்டர், நான் நாப்பத்தெட்டு ஆஸ்பத்திரிக்கு மனு போட்டிருக்கேன்.

— ம். இப்பல்லாம் அவ்வளவு போடறாங்கதான்.

— அதுல உங்க ஆஸ்பத்திரி இல்ல.

— ஓ. சரிம்மா. உனக்குப் பிடிக்கலன்னா அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

— எனக்குச் சேரணும்னு இருந்ததே அங்க மட்டும்தான் டாக்டர். தினமும் பாக்கிற நானே மனு போட்டா, வேண்டாம்னு சொல்ல உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.