அணு உலைக்குச் சரியாத மலை

பதுளையிலிருந்து மடுல்சீமை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். அரசாங்கம் கைவிட்ட அணு உலைத் திட்டம் பற்றிப் பேச்சு. இளையவள் சொன்னாள்:

"அத கட்டியிருந்தாத்தான் அக்கா எங்களுக்கு நல்லது."

"பைத்தியமாடி ஒனக்கு?"

"வீடு கட்ட, நாங்க குடியிருக்குற லயத்துக்கு மேல மலையில காணி கேட்டோம். மலை சரியும்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஆளுங்க அளக்க வந்தாங்க. எங்க காணிக்குத்தான்னு நெனச்சு மாலை போட்டு, தேத்தண்ணி குடுத்தோம். பார்த்தா, பரிசோதனை அணு உலைக்காம். அதுக்கு மட்டும் மலை உறுதியா இருந்திச்சு."

"இப்பதான் அது இல்லையே. திரும்பக் கேளு."

"காணி குடுக்குற கந்தோர்ல அதிகாரிகிட்ட கேட்டுட்டுத்தான் வாறேன். மறுபடியும் சரியுமாம்."

"அப்ப நீ அந்த மலைக்குக் கீழ லயத்துல புள்ளைகளோட கெடக்குறியே?"

"அதையும் கேட்டேன். அதுக்கு வேற கந்தோராம்."