அந்த மூக்கைச் செய்தவள் நான்தான்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவி திருமதி அடெயெமி அவர்களே! ஜெப ஆலயத்திலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்து ஒரே வரிசையில் தோளுரச அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தள்ளுவண்டிகளை வாசலில் விட்டுவிட்டுத் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இவள் எந்தக் கட்சிக்காரி என்று கணக்குப் போட்டபடி கைகட்டி நிற்கும் கடைசி வரிசைக் கனவான்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

ஹில்டா ரொசான்ஸ்கி என் பெயர். முப்பது ஆண்டுகளாகத் திரைப்படங்களுக்கு ஒப்பனை செய்கிறேன். அரக்கனுக்குக் கொம்பு வைப்பேன், அழகிக்கு வடு வைப்பேன். ஏழு வயதில் வியன்னாவிலிருந்து ரயிலும் கப்பலும் ஏறித் தப்பி வந்த ஒரு யூதரின் மகள் நான். அவர் படித்த பள்ளியின் சுவரில் யூதன் என்றால் இப்படித்தான் என்று நாஜிகள் ஒரு படம் ஒட்டியிருந்தார்களாம். வளைந்த மூக்கு, தொங்கும் உதடு, உலகத்தைக் கயிற்றில் கட்டி ஆட்டும் விரல்கள். அதைப் பற்றி அப்பா என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். பேசியபோது அவர் குரல் நடுங்கியது.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளைகள் படம். மாயலோகம், மன்னன், மன்னனின் காதில் ஓதி நாட்டையே மறைவில் ஆட்டுவிக்கும் ஆலோசகன். அந்த ஆலோசகனின் முகத்தை வரைந்து என் மேசையில் வைத்தார்கள். பார்த்தேன். அப்பா சொன்ன அதே முகம்! தயாரிப்பாளரிடம் ஓடினேன்.

"இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"ஹில்டா, இது மாயலோகம்மா. அங்க யூதனே கிடையாது. அப்புறம் எப்படி யூதனை அவமானப்படுத்த முடியும்?"

நல்ல கேள்விதான். பதில் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. திரும்பிப் போய் அந்த மூக்கைச் செய்தேன். ஆம், சத்தம் போடாதீர்கள், அதைச் சொல்லத்தான் மேடையேறினேன். மறுத்தேன் என்றா நினைத்தீர்கள்? அழுதேன் என்றா நினைத்தீர்கள்? அழகாகச் செய்தேன் ஐயா! அருமையாகச் செய்தேன்!

அடுத்த நாற்காலியில் கார்ல்டன் பெய்ன் உட்கார்ந்திருந்தார். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நாடக மேடையில் நாலு பக்க வசனத்தை ஒரே மூச்சில் பேசும் கருப்பின நடிகர். இந்தப் படத்தில் அவருக்குக் கோட்டை வாசலைக் காக்கும் மிருகத்தின் வேடம். கருத்த உடம்பெல்லாம் ரோமம்; வசனம் கிடையாது, உறுமல் மட்டும்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வரி பேசுறேன்னு கேட்டேன் ஹில்டா. 'உறுமல்லயே உணர்ச்சி காட்டுங்க'ன்னுட்டாங்க. உங்க ஆளுக்கு மூக்கு, எங்க ஆளுக்கு முடி. நல்ல பங்கீடு, போ."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருவரும் வேலையைச் செய்தோம்.

படம் ஓடியது. தெருவெல்லாம் பிள்ளைகள் அந்த ஆலோசகனைப் போல முதுகு வளைத்து நடந்தார்கள். நகரமன்றத் தேர்தல் வந்தது. ஒரு காலையில் பேருந்து நிறுத்தத்தில் சுவரொட்டி. அந்த முகம். அதன் கீழே, "நம் நகரத்தைத் திரைமறைவில் ஆட்டுவிப்பவர் யார்?" ஒட்டியவர் நான் வாழ்நாளெல்லாம் வாக்களித்த கட்சியின் வேட்பாளர் காலின் ஸ்ட்ரட்!

கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கட்டடக் கம்பெனிக்காரங்களத்தான் சொன்னேன். இனவெறிக்கு எதிரா முப்பது வருஷமா ஊர்வலம் போறவன் நான். என்னைப் போய் சந்தேகப்படுறீங்களே!"

சந்தேகப்படாமல் என்ன செய்ய? ஊர்வலத்தில் நடந்த கால்களுக்கு நன்றி. சுவரொட்டி ஒட்டிய கைகள் யாருடையவை?

மறுநாள் எதிர்க்கட்சி வேட்பாளர் பிலிப்பா மார்ச்மன்ட் என் வீட்டுக்கு வந்தார். கையில் பூங்கொத்து, பின்னால் புகைப்படக்காரர். "உங்க மக்கள் பயந்து போயிருக்காங்க. நாங்க இருக்கோம்." குரலில் தேன் ஒழுகியது. கார்ல்டன் அப்போது என் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் அவரிடம், "சார், கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க" என்றார்.

கேட்டீர்களா? என் கண்ணீரைத் துடைக்க வந்தவர்களுக்குக் கார்ல்டனின் நிழல்கூட ஆகாதாம்! முந்தின ஆண்டு கார்ல்டனின் தெருவில் வீடு வீடாக, "இவர்கள் வந்த ஊருக்கே போகட்டும்" என்று துண்டறிக்கை போட்டது இதே அம்மையாரின் கட்சி. பூவைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

ஆனால் விஷம் உள்ளே வந்துவிட்டது. கார்ல்டன் கோப்பையை வைத்தார்.

"உன் சுவரொட்டிக்கு மூணே நாள்ல ஸ்ட்ரட்டோட கட்சியே விசாரணைன்னு அறிவிச்சிடுச்சு. எங்க தெரு நோட்டீஸுக்கு? ஒரு வருஷமாச்சு, ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் கார்ல்டன்? என் வலி உனக்குப் போட்டியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? நீதான் அப்படிக் கேக்குற."

போய்விட்டார். பதினோரு நாள் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் யாருக்குக் கொண்டாட்டம்? யோசியுங்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் ஸ்ட்ரட் தொலைபேசியில் அழைத்தார். "அந்த மூக்க செஞ்சதே நீங்கதானாமே? ஒரு யூதப் பொண்ணு செஞ்சதுல எப்படிங்க யூத வெறுப்பு இருக்கும்? அதை மட்டும் வந்து சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா நாங்களே சொல்ல வேண்டி வரும்."

என் கையையே எனக்கு எதிரான சாட்சியாக்கப் பார்த்தார்! இரவல் கேட்டவருக்கு என் பெயரைக் கொடுப்பதா, கூடாதா? போனேன். இதே மண்டபத்தில், இதோ இந்த இடத்தில் நின்றேன். "செய்தேன். தெரிந்தே செய்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன். யூதச்சி செய்தாள் என்பதால் அந்த முகத்தின் நஞ்சு போய்விடாது" என்றேன். குரல் நடுங்கியது. என் அப்பாவின் குரல் அது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கார்ல்டன்! நான் அழைக்கவில்லை.

"நானும் உறுமினவன்தான்" என்றார். "அவ மட்டும் தலைகுனிய வேணாம்." நடந்து வந்து, கசங்கிய அந்தத் துண்டறிக்கையை விசாரணைக்குழுவின் மேசையில் வைத்தார். "இதையும் படிங்க."

"இது எங்க கட்சி விவகாரம் இல்லீங்களே" என்று தள்ளிவிட்டார்கள்.

முடிவு? ஸ்ட்ரட்டைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். மார்ச்மன்ட் ஜெயித்தார், துண்டறிக்கை பற்றி இன்றுவரை பதில் இல்லை. படப்பிடிப்பு நிலையம் என்னை அழைப்பதில்லை. படத்தின் இரண்டாம் பாகத்தில் அதே மூக்கு, வேறு கை. வெற்றி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என்னையும் நம்பாதீர்கள்!

என்ன கேட்கிறீர்கள் ஐயா? "அப்போ யாரைத்தான் நம்புறது?" அதுதான் கேள்வி! கருணையோடு உங்கள் கதவைத் தட்டுகிறவரிடம், பக்கத்து வீட்டுக் கதவை எப்போது தட்டினீர் என்று கேளுங்கள். தன் கட்சியின் அழுக்கைக் கண்டதும் கண்ணை மூடி, அடுத்த கட்சியின் அழுக்கைக் கண்டதும் கண்ணீர் விடுகிறவரை, அவர் என் இனமே ஆனாலும், சந்தேகியுங்கள்! வெறியை வெறியால் நிறுத்துப் பார்த்து, எது கனம் என்று நம்மைச் சண்டையிட வைக்கும் தராசைச் சந்தேகியுங்கள்! அதைப் பிடித்திருக்கும் கையைச் சந்தேகியுங்கள்!

கார்ல்டனும் நானும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். சுவரொட்டி, துண்டறிக்கை, சினிமா மூக்கு, சினிமா ரோமம் எல்லாம் ஒரே தாளில். இரண்டு கட்சிக்கும், படநிலையத்துக்கும் ஒரே நாளில் போகும். இப்போது வரிசை வரிசையாக உங்கள் கைக்கு வரும்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், நடுவில் கூச்சலிட்டு என்னை விழிப்பாக வைத்த நண்பர்களுக்கும், தலைவி அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் எல்லார் வீட்டிலும் அமைதி தங்கட்டும். ஒன்று மட்டும்: நான் அழகாகப் பேசினேன் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

வணக்கம்.