டாரலின் இரண்டு சொடுக்குகள்

என் அம்மாவுக்கு ரொட்டி கொஞ்சம் கருகினால்தான் பிடிக்கும். அடிலெய்டிலிருந்து நான் திரும்பி வந்த பிறகு காலையில் ரொட்டி வாட்டுவது என் வேலை. ரொம்பக் கருகிய விளிம்பை மட்டும் அவள் கத்தியால் சுரண்டி, ஜாம் தடவிக்கொண்டு, சமையலறை ரேடியோவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள். டாரல் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள், சார்ஜென்ட். அந்த நாற்காலியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். போன் எடுக்காது. அதனால் தினமும் விடிந்ததும் ஒருவர், பேசவும் கேட்கவும் முடிகிற இந்த ரேடியோவில் எல்லோர் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால், கிட்டத்தில் இருப்பவர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பா இருந்தவரை அவர் கூப்பிட்டார். அவருக்குப் பிறகு நான், முன்னறையில் இருக்கும் பெரிய ரேடியோவிலிருந்து. மெர்வ் டல்லி என்ற கிழவர் தவறாமல், "இன்னும் சாகலை தாயி, பேரை அடிச்சிராத" என்பார். டாரல் பேச மாட்டார். பொத்தானை இரண்டு தரம் அமுக்குவார். எல்லோர் வீட்டிலும் இரண்டு சொடுக்கு கேட்கும். இருக்கிறேன் என்று அர்த்தம். குரல் இல்லாத அந்தச் சத்தத்தை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் அந்த ஒரு காலைவரை தோன்றியதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பா ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். விடுதிப் பெண்கள் என் பட்டிக்காட்டுப் பேச்சைக் கேட்க என்னைப் பேசச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன, அவ்வளவுதான். மனிதர் வளர்ந்த பிறகும் எப்படி வளர்கிறார் என்பதுதான் நான் படித்த படிப்பு. இளவயதில் ஒரு துணையோடு நெருங்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தனிமை. நடுவயதில் அடுத்த தலைமுறையை வளர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேக்கம். முதுமையில் வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்துச் சமாதானம் ஆக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வயது உண்டு. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

என் படியில் நான் கால் வைத்த நேரம். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆலோசகர் வேலை. ஜோயல் என்று ஒருவன், சேர்ந்து வீடு பார்க்கலாம் என்றான். அப்போதுதான் அப்பா போனார். அம்மா டவுனுக்குப் போய் அங்கிருந்து போன் போட்டு அழுதாள்: "இந்த வீட்டுல பேச ஆளில்லாம என் குரலே எனக்கு மறந்துபோச்சுடி கார்லீன்." வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஜோயல் கொஞ்ச காலம் காத்திருந்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பெண் செய்ய வேண்டியது அது.

பிறகு காற்றாலைப் பம்புகளைப் பழுதுபார்க்க டாரல் வந்து, கடைசிக் கிணற்றடியில் தன் வண்டிவீட்டை நிறுத்தினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன டாக்டரம்மா, இன்னிக்கு யாருக்குப் பைத்தியம்?" என்பார். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மா தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டியில் அவர் அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் மல்லாந்து மிதந்துகொண்டு சிரித்தாள். நான் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பதுக்கு மேல் மனிதர் சுபாவம் அதிகம் மாறாது என்று படித்திருக்கிறேன். அதனால் அது மாற்றம் இல்லை, ஒரு கோளாறு என்று எனக்குத் தெரிந்தது. அவள் தன் படியை விட்டு இறங்கி வந்து என் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஈஸ்டருக்கப்புறம் நானும் டாரலும் கடல் பக்கம் போயிடலாம்னு இருக்கோம்டி. நீயும் அடிலெய்டுக்கே போயிடு. எனக்காக இங்க கெடந்து காயாத."

"உனக்காகத்தானே வந்தேன்."

"வந்த. நல்ல பொண்ணு. இப்ப போ."

அதற்கு மறுவாரம்தான் அந்தக் காலை. டாரல் பெயரைக் கூப்பிட்டேன். சொடுக்கு வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சமையலறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா பதறுவாளே என்றுதான் முதலில் நினைத்தேன். மேசை இழுப்பறையில் ஒரு கையடக்க ரேடியோ இருந்தது. எடுத்து இரண்டு தரம் அமுக்கினேன். "தூங்குமூஞ்சி, இப்பதான் எந்திரிக்குது" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

என்ன ஆயிற்று என்று பார்க்காமல் இருந்துவிடவில்லை. மத்தியானம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போனேன். முந்தின நாள் சாயங்காலம் காற்றாலை ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்து, தொட்டியின் நிழலுக்குத் தவழ்ந்து வந்து, எழுந்து தண்ணீரை எட்ட முடியாமல் கிடந்தார். அவருடைய ரேடியோ கைக்கு எட்டாத தூரத்தில் வெயிலில் கிடந்தது.

"வந்துட்டியா டாக்டரம்மா. கூப்பிட்டப்ப பதில் இல்லேன்னா யாராச்சும் வருவீங்கன்னு தெரியும்."

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. "பதில் வந்துச்சே டாரல்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துகொள்ளக்கூடிய ஆள்தான், முட்டாள் இல்லை. கெஞ்சவில்லை. அம்மாவைப் பெயர் சொல்லி, "வெர்னாவ மட்டும் தனியா விட்றாத" என்றார். விட மாட்டேன் என்றேன். ஒரு மூடி தண்ணீர் கொடுத்தேன். நான் கொடுமைக்காரி இல்லை. அவருடைய ரேடியோவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து வந்த காலைகளில் அவருடைய ரேடியோவிலேயே அமுக்கினேன். அவர் அமுக்குவதுபோல, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. ஒவ்வொரு தரமும் அம்மா முகம் மலர்ந்தது. அந்த நாட்களில் நாங்கள் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டோம். கடல் பக்கம் வீட்டுக்கு என்ன நிறத் திரைச்சீலை வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். மெர்வ் ஏதோ குழாய் இரவல் கேட்கக் கிணற்றடிக்குப் போயிருக்காவிட்டால் இன்னும் சில நாள் அப்படியே போயிருக்கும். செத்து இரண்டு நாளான மனிதர் அன்று காலைகூட எப்படிப் பதில் சொன்னார் என்று முதலில் கேட்டது அம்மாதான். உங்களிடம் இல்லை, என்னிடம்.

ஆம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அம்மா வையல்லாவில் சித்தி வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். என்னைப் பார்க்க வர மறுக்கிறாளாம். அவளிடம் சொல்லுங்கள், நான் அவளை மன்னித்துவிட்டேன். நான் வீடு திரும்பும்வரை அவள் தனியாக இருக்க வேண்டியிருக்குமே என்பது ஒன்றுதான் என் கவலை.