பாதத்தில் தேய்ந்த வயலின்

"நல்லவேளை, வயலின் கடைக்காரரு போலின்னு சொல்லிட்டாரு" என்றார் தங்கை.

காளையார்கோவில் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் மடியில் பழைய வயலின் பெட்டி.

"உள்ள இத்தாலிக்காரன் பேரு ஒட்டியிருக்கே, லட்சக்கணக்குல போகும்னு அம்புட்டு நம்பியிருந்தேன்" என்றார் அண்ணன். "அந்த லேபிள எத்தனையோ வயலின்ல ஒட்டி வித்தாகளாம். ஆனா தலைப்பக்கம் தேஞ்சிருக்கதப் பாத்துட்டு, தரையில உக்காந்து வாசிச்சவுகளான்னு கேட்டாரு."

"மாதா கோயில்ல எல்லாரும் நின்னு பாடுவாக. அப்பா மட்டும் சம்மணம் போட்டு, வயலின் தலைய வலது பாதத்துல ஊண்டி வாசிப்பாக."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அசலா இருந்தா வித்திருப்பீகள்லண்ணே?"

"வித்திருப்பேன்."

"இங்குட்டுக் குடுங்க" என்று தங்கை பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.