வாசல் தேடுவோருக்கு வழி எழுதிய அலுவலக அக்காவுக்கு

ஆலய அலுவலகத்தின் அச்சாணியே! அவசரப்பட்டு வந்தவரையும் அமரவைத்து அலுவல் முடித்தனுப்பிய அன்பு அக்காவே! வணக்கம்.

மண்வெட்டியும் துடைப்பமும் பிடித்துக் காய்த்த கைகள் எழுதும் மடல் இது. இன்று நீங்கள் ஓய்வுபெறும் இந்த முப்பத்தோராண்டு பணியை முழுவதும் பாட எங்களுக்கு மொழி போதாது. இணையதளத்தைப் பற்றி மட்டும் சொல்லியே தீருவோம்.

ஆலயத்துக்கு இணையதளம் தொடங்கியபோது நாம் அடித்த கூத்தை மறைப்பதற்கில்லை. கோபுரத்தை நான்கு பக்கமும் படமெடுத்தோம். ஆயரின் வாழ்த்துரையை நீளமாய் ஏற்றினோம். ஆராதனை எத்தனை மணிக்கு என்பதை எழுத மறந்தோம். நமக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு! வயதான தாயோடு வந்த பேருந்து ஓட்டுநர் பூட்டிய கதவின்முன் நின்று, "கோபுரத்த நல்லா சுத்திக் காட்டுனீங்க. எப்பத் திறப்பீங்கன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் வாசலில் நாற்காலி போட்டமர்ந்து, புதிதாய் வந்தவர்களை வினவினீர்கள். "படி இல்லாத வாசல் எது?" "பிள்ளை அழுதா எங்க தூக்கிட்டுப் போறது?" "எந்திரிச்சு நின்னு பேர் சொல்லச் சொல்வீங்களா?" கேட்டதையெல்லாம் முதற்பக்கத்தில் ஏற்றி, அங்கேயே பதிலும் எழுதினீர்கள். கல்லறைத் தோட்டத்தை எங்களோடு வெயிலில் நடந்து நடந்து வரைபடமாக்கினீர்கள். அதோடு தளத்தில் போட எங்களையும் படமெடுக்க வந்தீர்கள். "குழி வெட்டுறவன் மூஞ்சி எதுக்கும்மா இதுல?" என்று எங்களில் மூத்தவர் முரண்டு பிடிக்க, "துக்கத்துல வர்றவங்க முதல்ல உங்களத்தானே தேடுவாங்க, அண்ணே. கொஞ்சம் சிரிங்க. ரொம்ப வேணாம்!" என்றீர்கள்.

அத்தனை பக்கங்களின் அடியிலும் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஏன் அவ்வளவு பெரிதாய்ப் போட்டீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். உங்கள் தந்தையின் அடக்கத்தன்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்காக, பாடகர் வரிசையிலிருந்து இறங்கிப்போன உங்கள் தம்பி, பத்தொன்பது ஆண்டுகளாய் எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. அந்தத் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் உங்கள் கை ஒரு நொடி தயங்கி எடுப்பதை, தரை துடைத்தபடி நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இப்போது சபைக்குழு தளத்தைப் புதுப்பிக்கிறது. எண்ணை எடுத்துவிட்டு, எழுதி அனுப்பும் படிவம் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். "எத வேணா மாத்துங்க, நம்பர மட்டும் விட்டுடுங்க" என்று கூட்டத்தில் நின்று நீங்கள் கேட்டபோது, கூட்டத்தில் ஒருநாளும் வாய்திறவாத நாங்களும் எழுந்து நின்றோம். எண் இருக்கும், அக்கா. உங்கள் நாற்காலி காலியாகும், தொலைபேசி அநாதையாகாது. முறைவைத்து எடுப்போம்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைவாய் வாழ்க! சும்மா இருக்கத் தெரியாத உங்களுக்குச் சும்மா இருக்கும் சுகமும் வாய்க்கட்டும்!

ஒன்றே ஒன்று பாக்கி. தம்பி அழைத்தால் ஓடிவந்து உங்களைக் கூட்டிப்போவோம். அதுவரை அவர் தொலைபேசியை வைத்துவிடாதிருக்க என்ன சொல்வது? முரட்டு வாய்கள் எங்களுடையவை. மாலையைக் கழற்றி வையுங்கள், அக்கா. அந்தச் சொல்லை எங்களுக்கு இன்றே சொல்லிக்கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பிரிய மனமின்றி,
மணியடிப்பவர், குழிவெட்டுபவர், துப்புரவுப் பெண்கள் இருவர், வாயிற்காவலர்