பேர் கேட்ட பிள்ளை

சாயங்காலம் நாலு மணி. டிசம்பர் மாதம். நம் ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் அந்த மாதத்து நாலு மணி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை... எது ஆடு, எது பாறை என்று தெரியாது. டம்ஃபிரீஸ் பட்டணத்தை விட்டு ஏறினால் கிர்க்லீ கிராமம் வரைக்கும் ஒரு வீடு கிடையாது. ஒரு மரம் கிடையாது. வெறும் பொட்டல். அந்தப் பாதையில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார். கறுப்பு அங்கி. கக்கத்தில் மை காயாத அச்சுத் தாள்கள். பின்னால் ஒரு சத்தம்.

சளக்... சளக்... சளக்.

ஈரச் சேற்றில் வெறுங்கால். சின்னக் கால்.

அட, அந்தக் கதவை யாராவது சரியாகச் சாத்துங்களேன். பனி உள்ளே கொட்டுகிறது. இன்று இந்தச் சத்திரத்தை விட்டு யாரும் நகரப் போவதில்லை என்று ஆகிவிட்டது, கணப்புக்குக் கிட்டே வாருங்கள். இது எனக்கு நடந்ததல்ல. என் புத்தக வியாபாரக் கூட்டாளி ஹியூகி இருக்கிறானே, அவனுடைய சித்தி கிரிஸல் அந்தப் போதகர் வீட்டில் சமையல் பார்த்தவள். அவள் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. பொய் என்று தோன்றினால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அகப்பையாலேயே பதில் சொல்வாள்.

போதகரின் பேரை இப்போது சொல்ல மாட்டேன். கதையில் தானாக வரும். வரும்போது யாரும் திருப்பிச் சொல்லாதீர்கள்.

அவர் எழுத்துக்காரர். எதிலும் விடாக்கண்டர். வீட்டில் வைத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைக்கலாமா, கூடாதா என்று அப்போது நாடு முழுக்கச் சண்டை. கூடவே கூடாது, ஓய்வுநாளில், தேவாலயத்தில், சபையார் முன்னால்தான் கொடுக்க வேண்டும் என்பது இவர் கட்சி. அதற்கு ஒரு சிறுநூல் போட்டார்: 'வீட்டுக்குள் தண்ணீர் தெளிப்போருக்குக் கண்டனம்.' எடின்பரோவிலிருந்து ஒருத்தன் 'கண்டனத்துக்குக் கண்டனம்' போட்டான். இவர் 'கண்டனத்தின் கண்டனத்துக்கு மறுப்பு' போட்டார். இரண்டு கட்சிப் புத்தகத்தையும் நான்தான் ஊர் ஊராகச் சுமந்து விற்றேன். ஒரே கூடையில்தான் கிடந்தன. ஒன்றையொன்று கடிக்கவில்லை.

"நீ எந்தக் கட்சி?" என்கிறாரா அந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் மாவுமில் டேவி? விற்கிறவனுக்குக் கட்சி எதற்கு, அண்ணே!

எடின்பரோக்காரன் தன் பேரைப் போடவில்லை. 'சத்தியத்தின் நண்பன்' என்று போட்டுக்கொண்டான். நம் போதகருக்கு அதுதான் ஆகாது. பேரை மறைத்து எழுதுகிறவன் கோழை என்று அச்சிலேயே ஏசினார். தன் பேரை முகப்பில் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சாபீஸ்காரன் உயிரை எடுப்பார்.

அந்த வருஷம் ஒரு மேய்ப்பன் ஓடி வந்து அவர் கதவைத் தட்டினான். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, வந்து ஒரு கை தண்ணீர் தெளியுங்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிள்ளை இல்லை. அதையும் தம் உறுதிக்குச் சாட்சியாகப் புத்தகத்தில் எழுதினார். வாசித்தவர்கள் மெச்சினார்கள். மேய்ப்பனுக்கு வாசிக்கத் தெரியாது.

பிறகு அவருக்கே ஒரு பிள்ளை பிறந்தது.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் தவமிருந்து பெற்ற ஆண்பிள்ளை. வாரத்தின் நடுவில் பிறந்தது. நீலம் பாய்ந்த உதடு. அழவே பலமில்லை. தாய் எல்ஸ்பெத் படுக்கையிலிருந்தபடியே புருஷனைப் பார்த்தாள். மேசைமேல் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது.

"ஏங்க... ஒரு சொட்டு. ஒரு பேரு. அவ்வளவுதானே கேக்குறேன்?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும், எல்ஸ்பெத்."

"தாங்காது. பாத்தாலே தெரியல?"

"தண்ணி தெளிக்கலேன்னா கடவுள் கைவிட்டுடுவாரா? அப்படி நெனைக்கிறதுதான் பாவம். அந்த மேய்ப்பன் பிள்ளைக்கு மாட்டேன்னுட்டு என் பிள்ளைக்கு மட்டும் செஞ்சா, நான் என்ன மனுஷன்?"

"நல்ல அப்பனா இருப்பீங்க," என்றாள் அவள்.

அவர் வாதத்தில் ஓட்டை இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், ஓட்டையே இல்லை. கிரிஸல் கதவோரம் நின்று அழுதாள். சனிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் பிள்ளை போய்விட்டது.

பேர் வைக்காத பிள்ளையை எங்கே புதைப்பார்கள் என்று நமக்குத் தெரியும். தேவாலயத்தின் வெயில் படாத வடக்குச் சுவரோரம், விடிவதற்கு முன்னால், மணி அடிக்காமல். பெட்டியைச் சுமந்தவர் அவரே. அன்று காலையே பிரசங்க மேடையிலும் ஏறினார். ஒரு வார்த்தை தடுமாறவில்லையாம். எனக்கு அதைக் கேட்டபோதுதான் அவர்மேல் முதன்முதலாகப் பயம் வந்தது.

இரண்டொரு நாளில் அழுகை தொடங்கியது.

இருட்டுகிற நேரம். வடக்குச் சுவர்ப் பக்கம். பூனை என்றார்கள். ஆந்தை என்றார்கள். ஆனால் அது கேட்கும்போதெல்லாம் எல்ஸ்பெத்தின் மார்பில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தது. பூனை கத்தினால் எந்தத் தாய்க்கு அப்படி ஆகும்? வீடு முழுக்கப் பால் வாடை... கூடவே பிரட்டிப்போட்ட மண் வாடை.

பேரில்லாத பிள்ளை ஏன் அழும் என்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் அழும். யாராவது ஒரு பேர் சொன்னால் அடங்கிவிடும். எல்ஸ்பெத் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய் அந்தச் சுவர் நெடுக ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தாள். தன் அப்பன் பேர், மாமனார் பேர், செத்துப்போன அண்ணன் பேர். அழுகை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? தேவாலயத்தில் பிள்ளையை ஏந்தி நின்று பேர் சொல்கிறவன் அப்பன். தாய்க்கு அந்த இடத்தில் வாய் இல்லை.

"நீங்க போய்ச் சொல்லணும்," என்றாள் புருஷனிடம். "அது உங்களைத்தான் தேடுது."

"அஞ்ஞானிகள் பேச்சு! நான் எதை எதிர்த்து எழுதுறேனோ அதையே என் வீட்ல பேசுறியா?"

"உங்க எழுத்துல தீய வைக்க! புள்ள குளிர்ல நிக்குதுங்க."

அவர் அங்கியை மாட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விட்டார். அடுத்த புத்தகத்தின் அச்சுத் தாள்களைத் திருத்தி வாங்க. திரும்பும்போதுதான் அந்த நாலு மணி. அந்தப் பொட்டல்.

சளக்... சளக்...

அவர் நின்றார். அதுவும் நின்றது.

நடந்தார். அதுவும் நடந்தது.

காற்று எதிரே வீசியது. அப்படி வீசினால் பின்னாலிருக்கும் வாடை வரக்கூடாது. ஆனால் வந்தது. பால் வாடை. அவருக்கு அப்போது அது மனதில் படவில்லை. வேறு ஏதோ நினைப்பு. எடின்பரோக்காரன் தன்னைக் கேலி பண்ண ஆள் ஏவிவிட்டிருக்கிறான் என்று நினைத்தார். எழுதுகிறவர்களுக்கு எப்போதும் அந்த நினைப்புத்தான். பேயே வந்தாலும் எதிர்க்கட்சி அனுப்பியது என்பார்கள்.

பின்னாலிருந்து மெல்லிசாய் ஒரு குரல்.

"...யாரு?"

முன்னால் ஒரு வார்த்தை இருந்தது. காற்று அதைத் தின்றுவிட்டது. 'நான் யாரு?' என்று அது கேட்டது. அவர் காதில் 'யாரு?' மட்டும் விழுந்தது.

திரும்பவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். பிரசங்க மேடைக் குரலில் கத்தினார்:

"யாருன்னா கேக்குறே? நினியன்! நினியன் ஹார்ப்பர்! அச்சுல போட்ட பேருடா, மறைக்கிற பேரு இல்ல!"



காற்று நின்றுவிட்டது.

அப்புறம்... ஒரு சிரிப்பு. கைக்குழந்தை முதன்முதலாய்ச் சிரிக்குமே, தனக்கே அதிசயமாய், விக்கல் மாதிரி... அந்தச் சிரிப்பு.

"நினியன்," என்றது குரல். சுவைத்துப் பார்ப்பதுபோல் இன்னொரு தடவை. "நி... னி... யன்."

சின்னக் கால்கள் அவரைக் கடந்து ஓடின. சளக் சளக் சளக்கென்று, வீட்டுப் பக்கமாக. ஆள் தெரியவில்லை. அவருடைய அங்கியின் ஓரத்தை மட்டும் ஏதோ உரசிக்கொண்டு போனது. அப்போதுதான் அவருக்கு அந்த வாடை என்னவென்று புரிந்தது.

வீட்டு வாசலில் எல்ஸ்பெத் நின்றாள். முகம் பூத்திருந்தது. அழுகை நின்றுவிட்டிருந்தது.

"வச்சுட்டீங்களா? என்ன பேரு வச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. தன் பேர் தன் நாக்கில் ஏறவில்லை. நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கட்டிய நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. நம் பக்கத்துப் போதகர் வீட்டுப் பெண்கள் சொல்வது வழக்கமில்லையே. அன்றுதான் முதல் தடவை சொன்னாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நினியன்... கண்ணு, உள்ள வாடா."

மாடியில் தடதடவென்று ஓடும் சத்தம். கிரிஸல் கையிலிருந்த கஞ்சிச் சட்டியைக் கீழே போட்டாள்.

பயப்படாதீர்கள் டேவி அண்ணே, இன்னும் கொஞ்சம்தான்.

ஜனவரி நடுவில் வட்டாரத்துப் போதகர்களெல்லாம் கூடினார்கள். ஞானஸ்நான விவாதம்தான். நம்மவர்தான் முதல் பேச்சாளர். எழுத்தர் வழக்கம்போல் பேர்களை வாசித்தார். ஒவ்வொருவரும் 'இருக்கிறேன்' என்றார்கள். இவர் பேர் வந்தது. இவர் எழுந்தார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல், பால் மணம் மாறாத குரல்...

"இருக்கேன்."

எழுத்தருக்குக் காது மந்தம். வந்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் யாரும் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. கால்களை மட்டும் மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். விவாதம் அன்று நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் எவனும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் துணியவில்லை. அவராலும் கையெழுத்துப் போட முடியவில்லை, பேனா அந்த இடத்தில் மட்டும் கீறியது, மை இறங்கவில்லை. புத்தகம் பேரில்லாமல் வெளிவந்தது. 'சத்தியத்தின் நண்பன்' சும்மா விடுவானா? யார் இப்போது கோழை என்று ஒரு புத்தகமே போட்டான். நன்றாக விற்றது.

எல்ஸ்பெத் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அதைத்தான் கிரிஸலால் தாங்க முடியவில்லை. தினமும் இருட்டும்போது வாசலுக்குப் போய்க் கூப்பிடுவாள். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பாள். அப்புறம் சாத்துவாள். கணப்பருகே அவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்.

குளிர்காலம் முடிவதற்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மார்புச்சளி. கடைசி இரவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு நரகத்தைப் பற்றிப் பயமில்லை, அதையெல்லாம் அவர் எப்போதோ வாதாடித் தீர்த்துவிட்டார். பயம் வேறு.

"எல்ஸ்பெத்... கடைசித் தீர்ப்பு நாள்ல ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. என் பேரைக் கூப்பிட்டா... அவன் எழுந்து போவான். நான் மண்ணுக்குள்ளேயே கெடப்பேன்."

அவள் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"ஒரே ஒரு தடவை. என்னைப் பாத்து, எனக்குன்னு சொல்லிக் கூப்பிடு. நீ சொன்னா எனக்குத் திரும்பி வந்துரும். ஒரு பேரு. அவ்வளவுதானே கேக்குறேன்?"

அவள் அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அன்புதான் அது, வன்மம் துளியும் இல்லை என்று கிரிஸல் சத்தியம் செய்வாள். வாய்கூடத் திறந்தாளாம்.

அந்த நேரம் வெளியே கதவைச் சுரண்டும் சத்தம். கதவின் அடிப்பக்கத்தில். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

எல்ஸ்பெத் முகத்தைத் திருப்பினாள்.

"வெளியில குளிருதுங்க," என்றாள் புருஷனிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில். அப்புறம் கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நினியன்... வாடா ராஜா."

கிரிஸல் சமையலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். விடிந்த பிறகுதான் வெளியே வந்தாள். கட்டிலில் சுவர்ப்பக்கமாக ஒதுங்கி அவர் செத்துக் கிடந்தார், விறைத்துப் போயிருந்தார். இந்தப் பக்கம் எல்ஸ்பெத் ஒருக்களித்துப் படுத்து, ரவிக்கை திறந்தபடி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் மெத்தை சின்னதாய்க் குழிந்திருந்தது. கிரிஸல் கையை நீட்டி அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்ததாம்.